இறந்தகாலத்துக்கு முன்னால்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்தே எனக்கு எரிகிறது. பதினோரு வருஷமாக ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது இடத்தில் கையெழுத்துப் போடுகிறவளுக்கு எங்கே போடுவது என்று அடையாளம் வைத்துக் கொடுக்கிறார்கள். ஒரே தாள். பதினாலு வரி. எல்லாம் இங்கிலீஷ். மேலே தையல்நாயகி, ஸ்டாஃப் நர்ஸ், ஆண்கள் சர்ஜிகல் வார்டு. சட்டையில் குத்துகிற பேட்ஜில் இடம் போதாது என்று வெறும் நாயகி என்று வெட்டிப் போட்டவர்கள், இதில் மட்டும் முழுப் பெயர், அப்பா பெயர், நர்சிங் கவுன்சில் பதிவு நம்பர் எல்லாவற்றையும் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்திருக்கிறார்கள். மாட்டிவிடுவதற்கு முழுப் பெயர் வேண்டியிருக்கிறது. "வாசிச்சுப் பாத்துட்டுப் போடு மக்களே. அவசரமொண்ணும் இல்ல. மூணரைக்கு ஹெச்.ஆர். சார் வந்து வாங்கிட்டுப் போவாரு" என்றார் ஹெப்சிபா மேடம். நர்சிங் சூப்பரிண்டெண்ட். நாகர்கோவில்காரர். திருச்சிக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் வாயிலிருந்து அந்த மக்களே போகவில்லை. திட்டினாலும் மக்களே, லீவு இல்லை என்றாலும் மக்களே. சொல்லிவிட்டு எனக்கு எதிரில் அடுத்த மாத டூட்டி லிஸ்டைப் பரப்பிக்கொண்டு ஸ்கேல் வைத்துக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அவசரமில்லை, ஆனால் மூணரை. இப்போது மூன்று. எனக்கு ஒரு டீ வரவழைத்தார்கள். பதினோரு வருஷத்தில் இந்த அறையில் எனக்கு டீ வந்தது இதுதான் முதல் தடவை. அதிலேயே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்ளாத அளவுக்கு நான் மண்டு இல்லை. டீயைத் தொடவில்லை. ஆடை கட்டிவிட்டது. தாளைப் பார்க்கிறேன். முதல் வரி, இரண்டாவது வரி, அந்த மனிதரின் பெயர், வயது, ஆபரேஷன் நடந்த தேதி. இதிலெல்லாம் தப்பில்லை.

துரைக்கண்ணு. ஐம்பத்தேழு வயது. முசிறிப் பக்கம் வாழைத்தார் வாங்கி விற்கிறவர். பித்தப்பை ஆபரேஷன், காலையில் முடிந்து பன்னிரண்டரைக்கு வார்டுக்கு வந்தார். மயக்கம் முழுக்கத் தெளியாமலே கையை ஆட்டி, பேன் காத்து ஜாஸ்தியா இருக்கு தாயி, கொஞ்சம் கொறைங்க என்றார். குறைத்தேன். ரெண்டு பத்துக்கு பி.பி. பார்த்தேன், நூறுக்கு அறுபது, பல்ஸ் நூற்றுப் பன்னிரண்டு. வயிறு லேசாகத் தூக்கின மாதிரி இருந்தது. இன்டர்காமில் டியூட்டி டாக்டர் பிரணவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு பாட்டில் ஓட்டுங்க சிஸ்டர், வர்றேன் என்றார். ஓட்டினேன். ரெண்டு முப்பத்தைந்துக்கு எண்பத்து நாலுக்கு ஐம்பது. நெற்றியில் வியர்வை, உதடு வெளுப்பு. மறுபடி கூப்பிட்டேன். ஐ ஆம் கமிங் என்றார். கால் பக்கம் கட்டிலை உயர்த்தினேன், ஆக்சிஜன் வைத்தேன், இன்னொரு ஊசி வழி போட்டு அதிலும் பாட்டில் ஓட்டினேன், கைகளுக்கு என்னென்ன தெரியுமோ எல்லாம் செய்தேன். மூன்று ஐந்துக்கு மனிதர் கண் செருகி மயங்கி விழுந்துவிட்டார். நெஞ்சை அமுக்கிக்கொண்டே நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள். டாக்டர் பிரணவ் மூன்று பன்னிரண்டுக்கு வந்தார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. திரும்பவும் வயிற்றைத் திறந்தார்கள். மறுநாள் காலை ஐ.சி.யூ.வில் இறந்துபோனார். இது நடந்து மூன்று வாரம். அவர் மகன் கேஸ் போடப் போகிறான் என்று வக்கீல் கடுதாசி வந்திருக்கிறது. அதனால்தான் தாள், அதனால்தான் டீ.

நாலாவது வரி. வென் தி பேஷன்ட் ஹேட் கொலாப்ஸ்டு, ஐ இன்ஃபார்ம்டு தி டியூட்டி டாக்டர். முதல் தடவை படித்தபோது சரியாகத்தான் இருந்தது. விழுந்தார், சொன்னேன். இரண்டும் நடந்ததுதானே. இரண்டாம் தடவை படித்தபோது அந்த ஹேட் பல்லில் பட்டது, சோற்றில் கிடக்கிற கல் மாதிரி. எதற்கு அது அங்கே. இங்கிலீஷில் ஹேட் என்றால் வைத்திருந்தான். ஐ ஹேட் எ பென், என்னிடம் ஒரு பேனா இருந்தது. நோயாளி எதை வைத்திருந்தார். இல்லை, இது அந்த ஹேட் இல்லை, இது டென்ஸ். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புச் சுவரில் நீலப் பெயின்டில் பன்னிரண்டு கட்டம் போட்டிருக்கும். மேலே மூன்று காலம், பக்கவாட்டில் நாலு வகை. கனகசபை சார் மூங்கில் குச்சியை ஒவ்வொரு கட்டத்திலும் வைப்பார், நாங்கள் கத்த வேண்டும். அப்புறம் வினைச்சொல் மூன்று வரிசையாக. கோ வென்ட் கான். கம் கேம் கம். கிவ் கேவ் கிவன். புட் புட் புட். புட் மட்டும் எங்களுக்குப் பிடிக்கும், மாறாது, அடி கிடையாது. ஒரு நாள் எழுந்து கேட்டேன், சார் கோவுக்கு கோட் என்று வராமல் ஏன் சார் வென்ட். வகுப்பு சிரித்தது. "வெள்ளைக்காரன் அப்படி வச்சிருக்கான், நீ மாத்தப் போறியா? மனப்பாடம் பண்ணுடி" என்று உள்ளங்கையில் ஒன்று. அன்றைக்கு விட்டவள்தான், அதற்குப் பிறகு இங்கிலீஷில் ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. இப்போது தோன்றுகிறது, தமிழில் மட்டும் என்ன ஒழுங்காகவா இருக்கிறது. சொல்லுக்கு எப்படி சொன்னேன் வந்தது, அந்த ல் எங்கே போனது. நில்லுக்கு நின்றேன். வாவுக்கு வந்தேன். சாவுக்கு செத்தான். இதையெல்லாம் எந்த வாத்தியாரும் குச்சியோடு நின்று கத்த வைக்கவில்லை, இருந்தும் ஒரு பிள்ளை தப்பாகச் சொல்வதில்லை. வீட்டில் பேசினார்கள், வந்துவிட்டது. அங்கே யாரோ ஒருத்தர் வீட்டில் வென்ட் பேசியிருப்பார்கள், அவர்கள் பிள்ளைக்கு வந்துவிட்டது. பிரணவுக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், இதில் மூளை எங்கே வந்தது. ஆனால் மூளை என்றுதானே எல்லாரும் பேசுகிறார்கள், நானும் அப்படித்தானே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு தாத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். ரிப்போர்ட்டில் பேஷன்ட் ஃபெல்டு டவுன் என்று எழுதினேன். ஃபால், ஃபெல், ஃபாலன். ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட். ராத்திரியும் பகலும் கத்தினவைதான், அவசரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ரவுண்ட்ஸில் டாக்டர் பிரணவ் அதை எடுத்து எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். "ஃபெல்டுன்னா மரத்த வெட்டிச் சாய்க்கிறது சிஸ்டர். தாத்தாவ வெட்டிச் சாய்ச்சுட்டீங்களா?" டிரெயினிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை, அவர் சொன்னதுகூட இல்லை, நானும் சேர்ந்து சிரித்தது. அதற்கப்புறம் நான் வாக்கியமே எழுதுவதில்லை. மூன்றாவது வரிசைச் சொல்லை மட்டும் எழுதுவேன். இன்ஜெக்‌ஷன் கிவன். சாம்பிள் டேக்கன். டிரெஸ்ஸிங் டன். டாக்டர் இன்ஃபார்ம்டு. நர்சுகள் நாங்கள் எல்லாருமே அந்த மூன்றாவது வரிசையில்தான் குடியிருக்கிறோம். அதில் யார் என்பது கிடையாது, எப்போது என்பதும் கிடையாது, தப்பு செய்ய இடமே இல்லை, புட் மாதிரி, அடி கிடையாது. துரைக்கண்ணு நோட்ஸையும் அப்படித்தான் எழுதினேன். அவரை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து, நாலு மணிக்கு மொத்தமாக உட்கார்ந்து. பி.பி. லோ, டாக்டர் இன்ஃபார்ம்டு, பேஷன்ட் கொலாப்ஸ்டு, சி.பி.ஆர். கிவன். பி.பி. சார்ட்டில் நேரம் இருக்கிறது, ரெண்டு பத்து, ரெண்டு முப்பத்தைந்து. இன்ஃபார்ம்டுக்குப் பக்கத்தில் நேரம் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். நர்சிங் படிக்கும்போது முதல் மாதமே சொல்லிக் கொடுத்தது, நேரம் இல்லாத நோட்ஸ் நோட்ஸே இல்லை. என் தப்புதான். அந்தத் தப்பின் மேல் ஏறி நின்றுதான் இப்போது டாக்டர் பிரணவ் எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்த நர்ஸ் மூன்று ஐந்துக்குத்தான் எனக்குத் தகவல் சொன்னார் என்று. இன்டர்காமில் பேசினதற்கு எங்கேயும் கணக்கு இல்லை. இப்போது அவர் சொல், என் சொல். அவர் சொல்லில் டென்ஸ் சரியாக இருக்கும்.

ஐ ஆம் கமிங். அதுவும் சுவரில் இருந்த கட்டம்தான், நிகழ்காலத்தில் நடந்துகொண்டிருக்கிற செயல். கனகசபை சார் வகுப்பறை வாசல்வரை நடந்துகொண்டே ஐ ஆம் வாக்கிங் என்பார், பார்த்துக்கோங்க பிள்ளைங்களா, நடக்கும்போதுதான் அப்படிச் சொல்லணும். ரெண்டு முப்பத்தைந்துக்கு ஒருத்தர் ஐ ஆம் கமிங் என்றால் கால் நடந்துகொண்டிருக்க வேண்டும். முப்பத்தேழு நிமிஷம் அவர் எங்கே நடந்துகொண்டிருந்தார். கீழே கான்டீனில் இருந்தார் என்று லிஃப்ட்காரர் சொன்னார், இன்னொரு வார்டில் தையல் பிரித்துக்கொண்டிருந்தார் என்று வேறொருத்தர். எதுவோ. கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இருபத்தாறு வயசு, முப்பத்தாறு மணி நேரமாக டூட்டி, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கும். அதற்காகப் பாவப்படலாம் என்று பார்த்தால் தாளில் இந்த நாலாவது வரி கிடக்கிறது. பாவமெல்லாம் வற்றிவிடுகிறது. நானும்தான் அன்றைக்கு இரண்டு ஆள் வேலை பார்த்தேன். எனக்கு யார் பாவப்பட்டார்கள், யார் எனக்காக இங்கிலீஷில் ஒரு தாள் அடித்தார்கள்.

மணி மூன்று பத்து. மேடம் பேனா மாற்றினார், சிவப்பு. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. தாளைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். ஹேட். பன்னிரண்டு கட்டத்தில் எது. பாஸ்ட் பர்ஃபெக்ட். பெயர் ஞாபகம் வருகிறது, அர்த்தம் வரவில்லை. சார் அந்தக் கட்டத்துக்கு ஒரு உதாரணம் கொடுப்பார். ஒரே உதாரணம், அவர் வாத்தியாருக்கும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள், தமிழ்நாட்டில் இங்கிலீஷ் படித்த எல்லாருக்கும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள். தி பேஷன்ட் ஹேட் டைடு பிஃபோர் தி டாக்டர் கேம். டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்திருந்தார். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து ராகம் போட்டுக் கத்தியிருக்கிறோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில், பசியோடு. அந்த நோயாளி யார், அந்த டாக்டர் ஏன் நேரத்துக்கு வரவில்லை, அதுவரைக்கும் பக்கத்தில் நின்றது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கிற வாக்கியமா அது, கிராமர். இருந்தது இரண்டு காரியம். ஒன்று முன்னால் நடந்தது, ஒன்று பின்னால் நடந்தது. முன்னால் நடந்ததற்குத்தான் ஹேட். செத்ததுக்கு ஹேட், வந்ததுக்கு இல்லை. முன்னால் போனவனுக்குத்தான் ஹேட்.

அப்படியானால் இந்தத் தாளில் முன்னால் போனது யார். பேஷன்ட் ஹேட் கொலாப்ஸ்டு. விழுந்தது முன்னால். ஐ இன்ஃபார்ம்டு. சொன்னது பின்னால். மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். நோயாளி மயங்கி விழுந்திருந்தார், அப்போது நான் டாக்டரிடம் சொன்னேன். ரெண்டு பத்திலிருந்து மூன்று ஐந்துவரை பி.பி. இறங்குவதை நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ஆள் சாய்ந்த பிறகு போனை எடுத்தவள். என் கையெழுத்தோடு. கவுன்சிலில் நம்பரை நீக்குவார்கள். அதுகூடப் பிறகு. முதலில் இது நடக்கவில்லை. நடந்தது என்ன. டாக்டரிடம் நான் சொல்லியிருந்தேன், அப்புறம்தான் அவர் விழுந்தார். சொல்லியிருந்தேன். அந்த இருந்தேன்தான் ஹேட். இவ்வளவுதானா. வாயைத் திறந்த நாளிலிருந்து நான் பேசுகிற ஒன்று, சாப்பிட்டிருந்தேன், போயிருந்தேன், சொல்லியிருந்தேன், ஐந்து வயசுப் பிள்ளை சொல்கிற ஒன்று. அதைப் பன்னிரண்டு கட்டத்துக்குள் அடைத்து, நீலப் பெயின்ட் அடித்து, குச்சி வைத்து, எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று மாதிரி ஆக்கி, இருபது வருஷம் அதற்குப் பயந்து சாக வைத்தார்கள். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, இது உனக்குத் தெரியும்டி, நீ பேசுறதுதான் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். அடிவயிற்றிலிருந்து ஏறின கோபத்தில் தாளின் எழுத்துகள் ஆடின. முதலில் கனகசபை சார் மேல், பிறகு பிரணவ் மேல், பிறகு இந்தத் தாளை அடித்த முகம் தெரியாத ஆள் மேல், பிறகு அன்றைக்குச் சிரித்த என் மேல்.

"மேடம், நாலாவது வரி தப்பா இருக்கு."

மேடம் ஸ்கேலை எடுக்காமலே கேட்டார். "என்ன தப்பு மக்களே? எழுத்துப் பிழையா?"

"இல்ல. நான் மொதல்ல சொன்னேன். அப்புறம்தான் அவரு விழுந்தாரு. இதுல தலகீழா இருக்கு."

"அதெல்லாம் லீகல்ல பாத்து அடிச்சது. ஒரு சொல்லு முன்னப் பின்ன இருக்கும். அதப் பெருசாக்காத."

ஒரு சொல். தாளை மேஜையில் வைத்து, பேனாவை எடுத்து, கொலாப்ஸ்டுக்கு முன்னால் இருந்த ஹேடின் மேல் ஒரு கோடு இழுத்தேன். இன்ஃபார்ம்டுக்கு முன்னால் மேலே ஒரு ஹேட் எழுதினேன். அதுவும் போதாது என்று தோன்றியது. பக்கத்தில் ஆல்ரெடி. அதுவும் போதவில்லை. ரெண்டு பத்து, ரெண்டு முப்பத்தைந்து என்று நேரத்தை எழுதினேன், இரண்டு தடவை என்று எழுதினேன். ட்வைஸ். எழுத்து சரியா என்று தெரியவில்லை, இருக்கட்டும். திருத்தின இடத்திலெல்லாம் சின்னக் கையெழுத்து. நோட்ஸில் திருத்தினால் அப்படித்தான் செய்ய வேண்டும், அது எனக்குத் தெரிந்த வேலை. பென்சில் குறி போட்ட இடத்தை விட்டுத் தள்ளி முழுக் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, இப்போதைய நேரம் போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். விரல் நாலாவது வரியில் நின்றது. எழுதினவள் நான், படித்தவர் அவர், இருந்தும் அவர் முகம்தான் வெளிறியது. அப்புறம் தாளைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் இல்லாத மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"ஒனக்கு இதொண்ணும் தெரியாதுன்னாங்க."

தெரியாதுன்னாங்க. அப்படியானால் முன்னப் பின்ன இருக்கிற ஒரு சொல் இல்லை அது. உட்கார்ந்து, யோசித்து, ஹேடை எடுத்து எந்தப் பக்கம் வைத்தால் ஆஸ்பத்திரி தப்பும் என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். வைக்கும்போது யாரோ கேட்டிருக்கிறார்கள், அந்த நர்ஸ் கண்டுபிடிக்க மாட்டாளா என்று. யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையில் மேடமும் இருந்திருக்கிறார். என்னோடு சேர்ந்து எத்தனை டெலிவரிக்கு, எத்தனை சாவுக்கு நின்றவர். "யாரு சொன்னா மேடம்?" என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக, தணிவாக வந்தது. "நீங்க சொன்னீங்களா?" சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. வாசல் கதவை அறைந்து சாத்திவிட்டு. நான் சரி, அவர்கள் தப்பு, தாளில் எழுதியாகிவிட்டது, இன்னும் என்ன. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்று வாரமாக நான் ஒதுக்கி ஒதுக்கி வைத்த ஒன்று, கோபத்தில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டதில் அதுவும் மேலே வந்து கிடந்தது.

ரெண்டு நாற்பதுக்கு அந்த அம்மா என் கையைப் பிடித்தார். பவுனம்மாள், துரைக்கண்ணுவின் சம்சாரம். கட்டிலின் அந்தப் பக்கம் நின்று அவர் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தவர், சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டார். "சின்ன டாக்டர் வரலன்னா பெரிய டாக்டரக் கூப்புடக் கூடாதா தாயி?" பெரிய டாக்டர் நம்பர் கவுன்டரில் ஒட்டியிருக்கிறது. டியூட்டி டாக்டர் வராவிட்டால் ஆபரேஷன் செய்தவரை நர்ஸே நேராகக் கூப்பிடலாம், கூப்பிட வேண்டும், அதற்குத்தான் ஒட்டியிருக்கிறது. நான் அந்த நம்பரைப் பார்த்தேன். போனில் கைகூட வைத்தேன். வைத்ததும் என் தலைக்குள் ஓடியது என்ன. பேஷன்ட் பி.பி. இஸ் ஃபாலிங்கா, ஹேஸ் ஃபாலனா, வாஸ் ஃபெல்லா. ஆறு மாதத்துக்கு முன் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு, பேஷன்ட் இஸ் வாமிட் யெஸ்டர்டே என்று சொன்னேன். "முதல்ல பேசக் கத்துக்கிட்டு அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். அதுதான் அன்றைக்குக் காதில் கேட்டது. ஒரு மனிதர் உள்ளுக்குள் ரத்தமாக ஒழுகிக்கொண்டிருக்கிறார், நான் வினைச்சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். தமிழில் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாதா, மணப்பாறைக்காரர். திட்டினால் திட்டட்டும் என்று சொல்லியிருக்கலாம். கையை எடுத்துவிட்டேன். "டாக்டர்கிட்ட சொல்லிட்டேம்மா, வந்துருவாரு" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பி, திரும்பவும் போய்ப் பாதத்தைத் தேய்த்தார். அந்த நிமிஷமே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. பிழைக்காமலும் போயிருக்கலாம். போயிருக்கலாம், வந்திருந்தால், கூப்பிட்டிருந்தால். இந்தக் காலத்துக்கு அந்தச் சுவரில் கட்டமே இல்லை.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க மேடம்."

எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். தமிழில் எழுதினேன். ஒரு வார்த்தைக்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை, பேனா அதுவாகப் போயிற்று. ரெண்டு பத்துக்குச் சொன்னேன், ரெண்டு முப்பத்தைந்துக்குச் சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார், எத்தனை மணிக்கு வந்தார். நேரம் போடாமல் நோட்ஸ் எழுதினது என் தவறு. ரெண்டு நாற்பதுக்கு நோயாளியின் மனைவி பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. இங்கிலீஷில் தப்பாகப் பேசிவிடுவேன் என்ற பயத்தில் கூப்பிடவில்லை. அந்தக் கடைசி வரியை எழுதும்போது கை அழுத்தினதில் தாள் கிழிந்தது. கிழிந்ததோடு கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, இன்னும் கோபமாகத்தான் இருந்தது. மேடம் வாங்கிப் படித்தார். இதை மெதுவாகப் படித்தார்.

"கடைசியில இருக்கிறத யாரும் ஒங்கிட்டக் கேக்கலியே மக்களே. எதுக்கு நீயாப் போயி எழுதுத?"

"அந்தம்மா கேட்டாங்க மேடம். அன்னைக்கே கேட்டாங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ரொம்ப வயசாகியிருந்தது. "நான் அந்த எடத்துல இருந்திருந்தாலும் அவரக் கூப்புட்டிருக்க மாட்டேன்" என்றார். "ரெண்டாயிரத்துல ஒருக்க கூப்புட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதோட சரி."

என்னை ஆறுதல் படுத்தத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. இருபத்தைந்து வருஷம். இவர் வாயை மூடிக்கொண்டார், எனக்கு மூடக் கற்றுக் கொடுத்தார், நான் போன மாதம் டிரெயினிப் பிள்ளை ஒருத்தியிடம், பெரிய டாக்டர்கிட்ட நீ பேசாத, தப்பாயிடும் என்று சொன்னேன்.

"அதையும் எழுதிக் குடுங்க மேடம்" என்றேன்.

அவர் எழுதவில்லை. ரிட்டயர்மென்டுக்கு எட்டு மாதம் இருக்கிறது, எழுத மாட்டார் என்று எனக்கும் தெரியும். எழுந்து போய்க் கதவை உள்பக்கம் தாழ் போட்டார். டிராயரைத் திறந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, மையில் ஒற்றி, என் இரண்டு தாளிலும் குத்தினார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, தேதி, மணி மூன்று இருபத்தாறு, அவருடைய முழுக் கையெழுத்து. மை காயட்டும் என்று இரண்டு தாளையும் கொஞ்ச நேரம் விசிறினார்.

"இன்னைக்கே ஒன்ன சஸ்பெண்ட் பண்ணுவாங்க. நாளைக்குக் காலையில வராத" என்றார். "ஜெராக்ஸ் கீழ ஃபார்மசி பக்கத்துல இருக்கு. ரெண்டு ரெண்டா எடு. ஒண்ண பையில வச்சுக்கிட்டு இன்னொண்ண அந்தம்மாவுக்கு அனுப்பு. ஒரிஜினல எங்கிட்டக் கொண்டாந்து குடு. ஹெச்.ஆர். சார் வாரதுக்குள்ள போ."

தாள்களை வாங்கினேன். நன்றி என்று வாயில் வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் டாக்டர் பிரணவ் எதிரே ஏறி வந்தார். நின்றார். கையிலிருந்த தாளையும் என்னையும் பார்த்தார். "சிஸ்டர், அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் எந்த மொழியிலும் அவருக்கு வரவில்லை. நான் நிற்கவில்லை. கீழே ஜெராக்ஸ் கடையில் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். மணி மூன்று இருபத்தெட்டு. "அவசரம், கொஞ்சம் வழி விடுங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு முன்னால் போனேன்.